பாரசீகம் யாருக்குப் பங்காளி?

உத்திரமேரூர் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தரும் அந்தப் பெண்மணி, உடைந்த மூக்குக்கண்ணாடியை ரப்பர் பேண்டு சுற்றிப் போட்டிருந்தார். எழுதிய ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

வாரிசு சான்றிதழ் கேட்டுப் போயிருந்தேன். இறந்தவர் என்னைப் பெற்றவர் அல்ல, வளர்த்தவர். தத்தெடுத்ததற்குக் காகிதம் எதுவும் இல்லை என்றேன்.

பேனா நின்றது. "தாசில்தார், ஜமாபந்திங்கற வார்த்தை எல்லாம் பாரசீக பாஷையிலேர்ந்து வந்து இங்க குந்திக்கினு கீதுப்பா. பாரசீகத்துக்கு இந்திதான் பங்காளி, நம்ம தமிழுக்கு ரத்த சொந்தமே கெடையாது. ஆனா அந்த வார்த்தைங்க இல்லாம இந்த ஆபீஸ் ஒரு நாளு ஓடுமா, சொல்லு?"

உறவுமுறை என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி, அதையும் முணுமுணுத்துப் பார்த்தார்.

மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. அது அப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அம்மாவின் புடவை மடிப்பில் அதை வைத்திருக்கிறேன்.