பன்னிரண்டாவது இடம்

ஈரம் முழுதாகப் போகாத விரிப்பின் இரண்டு முனைகள் அண்ணியின் கையில் இருக்கும். எதிர்முனைகள் இரண்டும் பாப்பாவின் கையில். இருவரும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுப்பார்கள். துணி படாரென்று சத்தம் போட்டு நேராகும். பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வருவார்கள். முனையோடு முனை சேரும். விலகுவார்கள், மறுபடி வருவார்கள். ஒரு விரிப்புக்கு மூன்று சந்திப்பு. சண்டை போட அது தாராளம்.

“விண்வெளிக்குப் போயும் ஆபீஸ்ல உட்கார்ந்து டீ குடிக்கறதுக்கு எதுக்குடி அவ்ளோ பெரிய ராக்கெட்டு?” என்பாள் அண்ணி.

“டீ குடிக்காத ஆளுங்களப் பத்தி எனக்கு எதுக்கு அண்ணி படம்?” என்பாள் பாப்பா.

“அதுல கதவைச் சாத்தினா செவுரே ஆடுது. அட்டைச் செவுரு.”

“உங்க படத்துல நாப்பது நிமிஷம் ஒருத்தரும் வாயத் திறக்கல. ஆடற செவுரு எவ்வளவோ தேவலை.”

அடுத்த விரிப்பு.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைப் பிரிவு. மற்ற விரிப்புகளை எல்லாம் இயந்திரமே மடித்துத் தள்ளிவிடும். தீக்காய வார்டுக்கும் பச்சைக் குழந்தைகள் வார்டுக்கும் போகிற மெல்லிய விரிப்புகளுக்கு மட்டும் கை வேண்டும். மடிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது எவர் தோலையாவது உறுத்தும். அந்த வேலையை அண்ணி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளோடு மடிக்கத் தையல் பிரிவிலிருந்து பாப்பா வருவாள். பதிமூன்று வருஷமாக நடக்கிற ஏற்பாடு.

அண்ணிக்கு ஐம்பத்து நான்கு வயது. பாப்பா அவளுடைய நாத்தனார், கணவரின் கடைசித் தங்கை. நாற்பத்தெட்டு வயதாகி முன்தலை நரைத்துவிட்டது என்றாலும் வீட்டில் பாப்பாதான். அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள், இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே “அண்ணீ!” என்று ஒரு கூப்பாடு போட்டாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அறுபதை எட்டிய மேற்பார்வையாளர்கூட, “அண்ணி, மூணாம் நம்பர் மெஷினு ஏன் உறுமுதுன்னு பாருங்க” என்றுதான் சொல்கிறார். இந்த உறவுமுறைப்படி ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அண்ணியின் கணவர் அண்ணன் ஆகிறார். அந்த மனுஷருக்கு இது தெரியாது.

சலவை இயந்திரங்களுக்கு முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவுகள் உண்டு. உள்ளே துணி சுழலும்போது அண்ணி அதில் ஒன்றின் முன்னால் போய் நின்று உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொள்வாள். நுரையும் நீலத் துணியும் கலந்து, மேகம் சூழ்ந்த ஏதோ ஓர் உருண்டை மெல்லப் புரள்வதுபோல இருக்கும். கண்ணாடியின் வெதுவெதுப்பு கை வழியாக ஏறி முழங்கை வரைக்கும் வரும். எங்கோ நீராவி சீறும். தரை லேசாக அதிரும், கப்பல் ஒன்று கிளம்பப் போகிற மாதிரி. புதிதாக வந்தவர்கள் அவள் கறை போயிற்றா என்று பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். பழையவர்களுக்குத் தெரியும். “அண்ணி இப்ப ஊர்ல இல்ல. மெஷினு நின்னாத்தான் வருவாங்க” என்று கையைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

வீட்டில் படம் பார்க்கிற முறையும் தனி. கட்டிலில் உட்கார மாட்டாள். தரையில், கட்டில் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். வாயில் எதையும் போட மாட்டாள். முக்கியமாக, மின்விசிறியை நிறுத்திவிடுவாள். “அங்க காத்தே கிடையாது. இங்க ஃபேன் கடகடன்னு ஓடினா நான் எப்படி அங்க போறது?” என்பது அவள் நியாயம். கணவர் துண்டால் விசிறிக்கொண்டே பத்து நிமிஷம் தாக்குப்பிடிப்பார். பிறகு குறட்டை. “ராக்கெட்டு கிளம்பறதுக்குள்ள இவர் கிளம்பிடுவார்” என்று அவள் ஒரு தலையணையை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டுத் திரையை நோக்கித் திரும்பிக்கொள்வாள்.

சண்டைக்கு மூலம் ஒரு நர்ஸ். பதினொரு வருஷத்துக்கு முன்னால் விரிப்பு வாங்க வந்தவள், “இந்த வேற்றுகிரகப் படமெல்லாம் நான் பார்த்ததே இல்ல. கண்டிப்பா பார்க்க வேண்டியது எதுன்னு எழுதிக் குடுங்க, லீவுல பார்க்கறேன்” என்று விளையாட்டாகச் சொன்னாள். அண்ணி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு என்று எண்ணிக்கை முடிவானது. ஏன் பன்னிரண்டு என்றால், வீட்டு மாடியில் பாப்பாவின் அறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த பழைய நாட்காட்டி அட்டையில் பன்னிரண்டு கட்டம் இருந்தது. இருவரும் சரி என்றால்தான் ஒரு படம் கட்டத்துக்குள் போகும். ஏறின பிறகு இறக்க முடியாது. கேட்ட நர்ஸ் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது.

அந்தப் பட்டியல் அவளிடம் போயிருந்தாலும் எந்தக் கடையிலும் அதைக் காட்டி எதையும் கேட்டிருக்க முடியாது. படங்களின் பெயரைச் சொல்கிற பழக்கம் இவர்கள் இருவருக்குமே இல்லை. முதல் கட்டத்தில் ‘உப்புக் கிரகம்’. மூன்றாவதில் ‘ரோபோ அழுதது’. ஏழில் ‘தாடிக்காரன் திரும்பி வந்தது (பழசு)’. புதிதும் ஒன்று உண்டு. அது உதவாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எது அவசியம் என்பதற்கு அண்ணி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறாள். “படம் முடிஞ்சு விளக்கைப் போட்டதும் வீட்டுச் சாமான் எல்லாம் யாரோட சாமானோ மாதிரி தெரியணும். கையில இருக்கற கரண்டியைப் பார்த்து, இது என்னதுன்னு ஒரு நிமிஷம் நிக்கணும். நிக்கலைன்னா அது பொழுதுபோக்கு, போ.” அப்படி நின்றதில் அடுப்பில் தீய்ந்துபோன பாத்திரங்கள் வீட்டில் இரண்டு உண்டு. பாப்பாவின் அளவுகோல் நேர் எதிர். “அவங்க வீட்டுல போய் நாலு நாள் தங்கிட்டு வரலாம்னு தோணணும் அண்ணி. அதான் படம்.”

பதினொரு கட்டம் நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவது காலி. அங்கேதான் இருவரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணிக்கு ‘தபால்காரி’. ஒருத்தி தனியாகக் கப்பல் ஓட்டிக்கொண்டு தொலைதூரக் குடியேற்றம் ஒன்றுக்குக் கடிதங்கள் எடுத்துப் போகிறாள். போய்ச் சேர்வதற்குள் அங்கே நான்கு தலைமுறை கழிந்துவிடுகிறது. உறையைப் பிரிக்கிறவர்களுக்கு அந்த எழுத்தே தெரியவில்லை. பாப்பாவுக்கு ‘வானிலை ஆபீஸ்’. மழையே பெய்யாத கிரகம் ஒன்றில் வானிலை நிலையம், ஐந்து ஊழியர்கள், தினமும் காலையில் ‘இன்று மழை இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மாலை வரை பேசிக்கொண்டிருப்பார்கள். இருநூற்றுச் சொச்சம் பகுதிகள் ஓடிய தொடர் அது. “மொத மூணு பார்த்தேன். அதுக்கு மேல பார்க்கறதுக்கு நானே மெஷினுக்குள்ள போய் உட்கார்ந்துக்கலாம்” என்று அண்ணி அதை முடித்துவிட்டிருந்தாள்.

இவர்கள் இருவரும் வேறு எதையும் மனம் விட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. பாப்பாவின் கணவன் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டபோது வீட்டில் ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அண்ணி மாடிக்குத் தட்டோடு போய், “ரோபோவுக்குக் கண்ணு எதுக்குடி கலங்கணும்? அதுக்கு என்ன, தூசியா விழுது?” என்று ஆரம்பித்தாள். பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கலங்கும், கலங்கத்தான் செய்யும் என்று வாதாடினாள். வாதத்தின் மும்முரத்தில் தட்டு காலியானது. அந்த இரவு மூன்றாவது கட்டம் நிரம்பியது. அண்ணி விட்டுக்கொடுத்த ஒரே கட்டம் அது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது சந்திப்பில், முனையை முனையோடு சேர்த்தபடி பாப்பா சொன்னாள்: “புது கிளை தொறக்கறாங்கல்ல, அங்க தையல் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாப் போட்டிருக்காங்க. ரயில்ல ஒரு ராத்திரி தூரம். அடுத்த மாசம் சேரணும்.”

அண்ணி விரிப்பை வாங்கி மடித்து அடுக்கில் வைத்தாள்.

“நல்லதுதான். இருந்தாலும் அந்த ஆடற செவுரு...” என்றாள்.

அன்று பிற்பகல் துணி தேய்க்கிற சூட்டு உருளை இயந்திரத்துக்குள் விரிப்பைக் கோணலாக விட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. சூடான துணி உருளையைச் சுற்றிக்கொண்டு, புகை வந்து, மேற்பார்வையாளர் ஓடி வந்தார். “அண்ணி, உடம்புக்கு முடியலையா?” என்றார். “மெஷினுக்கு வயசாயிடுச்சு” என்றாள் அவள்.

அதன் பிறகுதான் அவள் தீர்ந்துபோன வழக்குகளைக் கிளறத் தொடங்கினாள். நான்காவது கட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். ஒன்பதில் இருப்பது உண்மையில் பேய்ப்படம், அதில் ராக்கெட் சும்மா ஓர் ஓரமாக நிற்கிறது என்றாள். “ஏறினா இறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே அண்ணி?” என்று பாப்பா சிரித்தாள். “சட்டம்னா திருத்தம் இருக்கும்டி” என்றாள் அண்ணி. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தலை நிமிர்ந்து, “அந்த லிஸ்டை இன்னுமா முடிக்கல நீங்க? அவ ஊருக்குப் போறதுக்குள்ள முடிச்சுத் தொலைங்களேன்” என்றார். தங்கையின்மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணி அவர் தட்டில் மோரை வேண்டிய அளவுக்கு மேலேயே ஊற்றினாள்.

பாப்பா கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. மாடியறையில் கட்டில் நிறையத் துணி. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், எடை என்று ஒன்றே இல்லாததுபோல. அண்ணி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டி முடித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். கைப்பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள்.

“அண்ணி, யோசிச்சுப் பார்த்தேன். பன்னெண்டுல உங்க தபால்காரியே இருக்கட்டும்.”

அண்ணிக்குச் சட்டென்று புரியவில்லை.

“என்னது?”

“நான் ஒத்துக்கிட்டேன். நல்ல படம்தான். போன வாரம் இன்னொரு வாட்டி பார்த்தேன், ஃபேனை நிறுத்திட்டு. நீங்க சொன்ன மாதிரிதான் இருந்துச்சு.” பாப்பா மூடியைக் கழற்றினாள். “எழுதிடறேன். பாதியில விட்டுட்டுப் போனா மனசு கேக்காது.”

பதினொரு வருஷ வழக்கில் முழு வெற்றி. அண்ணி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். எழுதப்படாத அந்தக் கட்டம் இவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஐந்து எழுத்து விழுந்துவிட்டால் இனி இந்த மாடிப்படி ஏறி வந்து எதைப் பேசுவது? தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்கிற உறவா இது?

“இரு” என்றாள்.

பாப்பா திரும்பினாள்.

“தபால்காரி வேண்டாம்.”

“என்ன அண்ணி, விளையாடறீங்களா?”

“அந்தப் படத்துல நடுவுல தொய்வுடி. நாப்பது நிமிஷம் ஒருத்தரும் பேசாம எவ்ளோ நேரம்தான் பார்க்கறது? உன் வானிலை ஆபீஸ்தான் சரி.” குரல் அவளுக்கே யாருடையதோபோல இருந்தது. நிறுத்தினால் பேச முடியாமல் போய்விடும் என்று மடமடவென்று தொடர்ந்தாள். “அதுல அந்தச் சின்னப் பையன், அதான் அந்தக் கடைசி ஊழியன், ஒருநாள் காலையில மேல ஏறிப் பார்க்கறான்ல. உள்ளங்கை அளவுக்கு ஒரு மேகம். மொத மேகம். ஓடிவந்து சொல்லுவான்னு பார்த்தா, கீழ வந்து உட்கார்ந்து, ‘இன்று மழை இல்லை’ன்னு எழுதிட்டு டீயை எடுத்துக்கறான். ஏன் சொல்லல? சொன்னா, வந்த வேலை முடிஞ்சுதுன்னு ஆபீஸை மூடிடுவாங்க. அஞ்சு பேரையும் அஞ்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க. அந்த ஒரு எடத்துக்கே அதைப் போடலாம். நான் ஒத்துக்கறேன். ஆனா நீ தபால்காரிதான்னு இப்ப சொல்லிட்ட. அப்ப ரெண்டு பேருக்கும் ஒத்துவரல. எழுத முடியாது.”

 பாப்பாவின் ஒரு கையில் கழற்றிய மூடி, மறுகையில் பேனா.

“அண்ணி, அது நூத்தி முப்பதாவது எபிசோட்.”

கீழே கணவர் யாரையோ கூப்பிட்டுத் துண்டு எங்கே என்று கேட்டார்.

“மொத மூணோட நிறுத்திட்டேன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் பார்த்தீங்களா? எப்ப பார்த்தீங்க?”

அண்ணி அறையைக் கடந்து வந்தாள். பாப்பாவின் விரல்களிலிருந்து பேனாவை உருவி, மூடியை வாங்கி அழுத்தி மூடி, தன் கொண்டையில் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.