காப்புக் கட்டிய புல்லுருவி

ஆடிச் சாரலுக்குக் குற்றாலத்தில் குளிக்க வந்த மாமா, மாசி பிறந்தும் இலஞ்சியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கவலை கொல்லை மாமரம். அதன் வடுவைத் தென்காசிச் சந்தையில் விற்றுத்தான் வீட்டில் முதல் ஆளாக என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள் அம்மா. தாவரவியல் படித்து முடித்து, வேலைக்கான பரீட்சைகள் எழுதிக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன். மரத்தின் கிழக்குக் கொம்பில் புல்லுருவி பிடித்து, நுனியெல்லாம் காய்ந்துகொண்டு வந்தது. மாமா அதில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டி வைத்திருந்தார். நல்ல நாள் பார்த்து எடுத்து வீட்டில் வைத்தால் யோகமாம். அந்த நாள் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் குருவிகள் பழத்தைத் தின்று, பிசுபிசுத்த விதையை அடுத்த கொம்பிலும் தேய்த்துவிட்டன.

ஒருநாள் காலை கைவாளோடு ஏறிவிட்டேன்.

"ஏலே, காப்புக் கட்டுனத வெட்டுனா குடும்பம் வெளங்குமா? எறங்குலே!" என்று மாமா கத்தினார்.

"மரம் சாவுது மாமா. அது தண்ணிய உறிஞ்சுது."

"நீ மட்டும் என்ன? பரீட்ச பரீட்சன்னு உங்கம்ம ரத்தத்த உறிஞ்சுதே!"

வாள் நின்றது. புல்லுருவிக்கும் சொந்தப் பச்சை இலை உண்டு. தண்ணீருக்கும் உப்புக்கும்தான் மரத்தை நம்பும். தேர்வில் எழுதியிருக்கிறேன். காய்கிற மரத்திடம் அதைச் சொல்லி என்ன ஆகும்?

அம்மா மரத்தடிக்கு வந்தாள். "இலைய மட்டும் கழிச்சா போதுமாலே?"

"திரும்பத் துளிர்க்கும்மா. வேரு கொம்புக்குள்ள இருக்கு. கொம்போட போகணும்."

நுனி காய்ந்தும் அந்தக் கொம்பில்தான் வடு அதிகம். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"அறு."

அறுத்தேன். வெட்டுவாயில் புல்லுருவி வேர் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. இன்னும் உள்ளே தள்ளி அறுத்தேன். அங்கேயும் கோடு. அடிமரத்தை ஒட்டி வாளை வைத்தேன். அங்கும் இருந்தால் மரமே இல்லை. கொம்பு முறிந்து விழுந்தது. வெட்டுவாய் வெள்ளையாக இருந்தது.

"சுத்தமா இருக்கும்மா!"

அம்மா திரும்பினாள். "அண்ணே, அந்த நுனியப் பிடிங்க. இழுத்துப் போடுவோம்."

"இடுப்பு பிடிச்சிருக்கு தங்கச்சி."

விழுந்த கொம்பில் வடுவைப் பறித்து மடியில் போட்டபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்ப ஊருக்குப் போயி வைத்தியம் பாருங்கண்ணே. மத்தியானம் பஸ்ஸு இருக்கு."

மாமா விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். அடுத்தது எனக்குத்தானோ என்று நான் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

"நீ அங்கன என்னலே பாக்க? வந்து இழு."