பட்டுப் படுக்கையில் எட்டுக் குஞ்சுகள்

எட்டுக் குஞ்சுக்கும் பட்டில் படுக்கை போட்டுக் கொடுத்தவள் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. முடிந்திருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன், என் குணம் அப்படி.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவில் இருக்கிறது. முன்னறையில் தறி, அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் தோட்டம். தோட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு துவைக்கிற கல், பழைய தறி மரங்களை அடுக்கி வைத்த ஒரு மூலை, அவ்வளவுதான். அந்த மர அடுக்குக்கு அடியில்தான் எங்கள் வாத்து அடைக்கு உட்கார்ந்தது.

அது மணிலா வாத்து. மாகறல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஜோடியாக வாங்கி, ஒயர்கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தேன். கண்டக்டர் முறைத்தார், நானும் முறைத்தேன். ஆண் வாத்து, வீட்டுக்கு வருகிறவர்களின் கால்களைப் பிடித்துக் கடித்து வைத்தது. இந்த வருஷம் ஒரு நாள் என் வீட்டுக்காரரின் முழங்காலைப் பதம் பார்த்ததும், அதை வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்குள் பெண் வாத்து முட்டையிட்டு முடித்திருந்தது.

போன வருஷமும் இப்படித்தான் ஆறு குஞ்சு பொரித்தது. தாய் பார்த்துக்கொள்ளும் என்று நான் என் வேலையைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் காக்காய் பாதி, கீரிப்பிள்ளை பாதி என்று ஆறும் போய்விட்டன. "உனக்குக் கைராசி இல்லமா, உட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பத்து வயதிலிருந்து தறிக்குத் தார்க்குச்சியில் பட்டு நூல் சுற்றுகிற கை இது. இந்தக் கைக்கு ராசி இல்லையாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த தடவை பொரிக்கிற குஞ்சு அத்தனையும் பிழைத்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

இந்த வருஷம் முப்பது நாள் தாண்டியும் வாத்து எழுந்திருக்கவில்லை. "எல்லாம் கூமுட்டைதான்" என்று தினமும் காப்பி குடிக்கும்போது ஒரு தடவை சொல்லுவார். எதிர்வீட்டு அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னார். அந்த அக்கா சின்ன வயதில் வயலில் வாத்து மேய்த்தவர். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "மணிலா முப்பத்தஞ்சு நாள் ஒக்காரும்மா. அவரு கெடக்குறாரு" என்றார். சொன்னபடி முப்பத்தைந்தாம் நாள் காலையில் மர அடுக்குக்கு அடியிலிருந்து கீச் கீச்சென்று சத்தம். எட்டு முட்டை, எட்டுக் குஞ்சு. மஞ்சளும் பழுப்புமாக, ஈரம் காயாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. எனக்கு நிலைகொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஊடு நூல் ஓட்டுகிற நடு நாடாவை அவர் தள்ளுவார், வலப்பக்கத்துக் கரை நாடாவை நான் தள்ள வேண்டும். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் தறி வேலை காலையில் மட்டும் என்று சட்டம் போட்டேன். மத்தியானத்துக்குமேல் தார் சுற்றுகிற ராட்டையைத் தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். காக்காய்க்குப் பயந்து பழைய நைலான் புடவையை முருங்கைக்கும் சுவருக்கும் நடுவில் பந்தல் மாதிரி கட்டினேன். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, குஞ்சு மூழ்காமல் இருக்க நடுவில் கூழாங்கல் போட்டேன். குருணையைக் குழைய வேகவைத்து, கீரையைப் பொடியாக நறுக்கிப் பிசைந்து வைத்தேன். தாய்க்காரி முதலில் தின்று பார்ப்பாள். அவள் தின்றால்தான் எட்டும் தட்டில் விழும்.

"என் புள்ளைங்களுக்குக்கூட நீ இப்பிடி ஊட்டுல" என்றார் அவர்.

"உங்க புள்ளைங்களக் காக்கா தூக்கல" என்றேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, விடுகிற மழையா அது? மர அடுக்குக்கு அடியில் தண்ணீர் புகுந்து வைக்கோலெல்லாம் ஊறிப் போனது. தாயையும் குஞ்சுகளையும் குளியலறையை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு மாற்றினேன். ஒரு பழைய பெட்டி இருந்தது. அதில் விரிக்கக் காய்ந்ததாக எதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

தறியில் அறுந்து விழுகிற துண்டு நூலை எங்கள் வீட்டில் கூட்டி எடுத்து ஒரு பையில் சேர்த்து வைப்போம். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று எல்லாப் பட்டும் கலந்து பஞ்சு மாதிரி இருக்கும். என் பிள்ளைகளுக்குத் தலையணையே அதில்தான் தைத்தேன். பட்டைவிடச் சூடாக, மெத்தென்று வேறு என்ன இருக்கிறது? பை முழுக்கக் கொட்டி, உதிர்த்து, பரப்பிவிட்டேன். தாய் ஏறி உட்கார்ந்தது. குஞ்சுகள் அதற்குள் புதைந்துகொண்டன. எனக்கு அவ்வளவு பெருமை. அக்காவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன், மழையில் அவர் கடையிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் அப்போதே திட்டி எடுக்க வைத்திருப்பார்.

மறுநாளும் மழை. அதற்கு மறுநாள் காலையில் வெயில் வந்தது. பெட்டியிலிருந்து இறக்கிவிட்டேன். ஏழு குஞ்சு தாயின் பின்னால் ஓடின. ஒன்று மட்டும் கொட்டகை வாசலிலேயே நின்று கத்தியது. சேறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கையில் எடுத்தேன். சேறு இல்லை. இடது காலில் பாதத்துக்குக் கொஞ்சம் மேலே அரக்குப் பட்டு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. கால் வீங்கி நூல் உள்ளே புதைந்துவிட்டது. பாதம் கறுத்துப் போயிருந்தது.

மற்ற ஏழையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டின் விரல்களில் தளர்வாக நூல் சுற்றியிருந்தது. அதை எடுத்து, பெட்டியிலிருந்த பட்டு முழுவதையும் வாரி வெளியே எறிந்துவிட்டு, நடக்க முடியாத குஞ்சோடு தறிக்கு ஓடினேன்.

"ஏங்க, எழுந்து வாங்க."

"வரி பாதில இழ அறுந்து நிக்குது, முடிஞ்சிக்கினு இருக்கேன். இரு."

"வரி எங்கயும் ஓடாது. எழுந்து வாங்கன்றேன்ல!"

தறிக்குழியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வந்தவருக்கு, குஞ்சின் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "பட்ட எவ போட்டது?"

"நான்தான்."

"இழுத்தா அறாதுன்னு தெரியாதா உனக்கு? இத்தினி வருசமா பட்டுலயே கைய வச்சிக்கினு இருக்குற!"

தெரியும். புடவை விஷயத்தில் தெரியும். ஒரு குஞ்சின் காலுக்கு அதுவே தூக்குக்கயிறு ஆகும் என்று தெரியவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தறி விளக்குக்குக் கீழே உட்கார்ந்தார். கத்தரிக்கோலை நீட்டினேன். வேண்டாம் என்றார், சதையும் சேர்ந்து போய்விடும். வெந்நீரில் பஞ்சை நனைத்துக் காலை ஊற வைத்துவிட்டு, ஊசி நுனியால் முனையைத் தேட ஆரம்பித்தார். அறுந்த பாவு இழையைத் தேடி எடுத்து முடிகிற விரல் அது. நான் குஞ்சைத் துணியில் சுற்றி அசையாமல் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. வெகுநேரம் கழித்து முனை கிடைத்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவர் மூச்சுவிடாமல் பிரித்தார். கடைசிச் சுற்று வந்தபோது கொஞ்சம் ரத்தமும் வந்தது.

"ரத்தம் வருது. அப்ப கால் செத்துப் பூடல" என்றார்.

மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டேன். நிற்க முடியாத குஞ்சை மற்றவை மிதித்துவிடுமே என்று ஒரு கூடையில் போட்டு, சமையலறையில் பல்புக்குக் கீழே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அக்கா வந்து பார்த்துவிட்டு, நான் பயந்தபடியே சொன்னார். "இது தேறாதுமா. மனச உட்டுரு. மீதி ஏழப் பாரு."

"எட்டுக்கா" என்றேன்.

"அதான் சொல்றேன்ல..."

"எனக்கு எட்டு. ஏழுன்னு என் வீட்டுக்குள்ள யாரும் சொல்லாதீங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கூடையருகில் உட்கார்ந்து, சின்னச் சொட்டுமருந்துக் குழாயால் எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், குருணை, மருந்து. மறுநாள் பாதத்தின் கறுப்பு கொஞ்சம் வெளுத்தது. மூன்றாம் நாள் குஞ்சு கூடைக்குள் எழுந்து நின்றது. இடதுகாலைப் பாதி ஊன்றி, பாதி இழுத்து, சமையலறையில் என் பின்னாலேயே வந்தது. நான் அடுப்புக்குப் போனால் அடுப்புக்கு, தண்ணீர்க் குடத்துக்குப் போனால் அங்கே. நின்றால் என் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐயோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தேன்.

அன்று அக்கா வந்தவர் இதைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் உட்டீன்னா இது அம்மாவ மறந்துரும். அவளும் சேத்துக்க மாட்டா. ராத்திரி றெக்கைக்குள்ள வச்சிக்க ஆள் வேணாமா? நீ வச்சிக்குவியா?" என்றார். பிழைக்க வைத்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலையில் அதைத் தோட்டத்தில் தாயின் முன்னால் விட்டேன். தாய் கழுத்தை நீட்டிப் பார்த்தது. குஞ்சு தாயைப் பார்க்கவே இல்லை. திரும்பி நொண்டிக்கொண்டு என் காலுக்கு ஓடி வந்தது. மறுபடி விட்டேன், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை தாய் அலகால் அதன் முதுகில் ஒரு குத்து விட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பெத்தவதானே நீ?" என்று வாத்திடம் கத்தினேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்தாள்.

கோபம் தணிந்ததும் எனக்கே விளங்கியது. தாய்மேல் குற்றமில்லை. நான் அங்கே நிற்கிறவரைக்கும் இந்தக் குஞ்சுக்குத் தாய் நான்தான். ஒரு ஆள் விலக வேண்டும். விலக வேண்டியது யார் என்று கேட்கவா வேண்டும்?

குஞ்சை எடுத்து மற்ற ஏழுக்கும் நடுவில் வைத்துவிட்டு, அது திரும்புவதற்குள் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பந்தல் கட்டியிருக்கிறது, காக்காய் பயமில்லை. நேராக வந்து தறியில் உட்கார்ந்தேன். "ஆரம்பிங்க" என்றேன். அவர் நாடாவைத் தள்ளினார், நானும் தள்ளினேன். தறிச் சத்தத்தையும் மீறிக் குஞ்சின் கத்தல் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கமே வந்து நின்று கத்துகிறது. நான் கரை நாடாவை இரண்டு தடவை தப்பாகத் தள்ளினேன். அவர் இழையைப் பிரித்துச் சரிசெய்தார். மூன்றாம் தடவை தப்பியதும் தறியை நிறுத்தினார்.

"போய்த் தூக்கிக்கினு வாயேன்மா. பாவம், கத்துது."

"மாட்டேன்."

"நீயும் அழுவுற."

"அழுதா இன்னா? தூக்க மாட்டேன். தள்ளுங்க."

தள்ளினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கரையை மட்டும் பார்த்தேன். எத்தனை வரி நெய்தோம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் கத்தல் நின்றுவிட்டது. அது கத்தியபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. கீரிப்பிள்ளை வந்து போனாலும் இப்படித்தானே சத்தம் அடங்கும். எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. இப்போது போனால் எல்லாம் பாழ் என்று என்னை நானே பிடித்து உட்கார வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாடாவைத் தள்ளினார். ஒரு முழக் கரை ஆன பிறகுதான் எழுந்தேன்.

கதவைத் திறந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை. தாய் முருங்கையடியில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எண்ணினேன், ஏழு. மறுபடி எண்ணினேன், ஏழுதான். தட்டுக்குள் பார்த்தேன், வாழைக்குப் பின்னால் பார்த்தேன், துவைக்கிற கல்லுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். எங்குமில்லை. கடைசியில் தாயின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் இறக்கையைத் தூக்கக் கை நீட்டினேன். அது புஸ்ஸென்று சீறி என் மணிக்கட்டில் ரத்தம் வரக் கொத்தியது. என் கையில் தின்று வளர்ந்த வாத்து. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட என்னைக் கொத்தியதில்லை.

அந்தச் சீறலில் இறக்கை கொஞ்சம் விலகியது. உள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மஞ்சள் மருந்து படிந்த இடதுகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டியபடியே இருந்தேன். குஞ்சு என்னைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. பிறகு காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"இன்னாச்சி?" என்று அவர் உள்ளிருந்து கத்தினார்.

"சேத்துக்கிச்சிங்க" என்றேன். மணிக்கட்டைப் புடவையில் அழுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, அவர் எழுந்து வருகிறவரை அழுதேன்.