மந்தமான பதினோரு லேப்டாப்புகள்

பெங் யுன்மெய் எந்த எண்ணையும் ஒரே தடவை பார்த்து நம்பியவர் அல்ல. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்தால் "இன்னொரு தடவை பாருங்க" என்பார். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி பார்த்து முடித்ததும், பட்டையைக் கழற்ற விடாமல் "இப்ப மூணாவது" என்று கையை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பார். நகரப் பேருந்து ஓட்டிய அவர் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். "கட்டிக்கிறியான்னு என்னை மூணு தடவை கேக்க வச்சா. மூணு தடவையும் ஒரே மாதிரி கேக்குறேனான்னு பார்த்தாளாம்."

குயிஷான் என்ற ஊரில் எங்கள் தொழிற்சாலையின் ஐந்தாவது மாடியில் இருந்த சோதனைக்கூடத்தில் அவர் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தார். அதில் ஒன்பது வருடம் நான் அவருக்கு அடுத்த மேசை. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பெயரை ஒட்டி விற்கும் லேப்டாப்புகளை நாங்கள் செய்துகொடுத்தோம். புது மாடல் ஒன்று ஆயிரக்கணக்கில் தயாராவதற்கு முன்னால் வெள்ளோட்டமாக அறுபது மட்டும் செய்வார்கள். அதில் இருபது யுன்மெய்யின் கைக்கு வரும். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் மற்றது.

கூடத்தில் வெப்பம் எப்போதும் இருபது டிகிரி. வெளியே ஆகஸ்ட் மாத வெயில் கொளுத்தும்போதும் யுன்மெய் பஞ்சு தைத்த மேற்சட்டையும் கம்பளிக் காலுறையுமாக இருப்பார். அலமாரியில் ஆறு லேப்டாப்புகளை வரிசையாகத் திறந்து வைப்பார். முதலில் ப்ராசசரை மட்டும் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுவார். ஆறவிட்டு, கிராபிக்ஸ் சிப்பை மட்டும். அதற்கென்று ஒரு காட்சி உண்டு: கண்ணாடிக் கோப்பைகள் மாடிப்படியில் உருண்டு விழுந்து உடையும், முடிந்ததும் மறுபடி உருளும். கடைசியில் இரண்டையும் சேர்த்து அரை மணி நேரம். அலமாரியின் தலையில் பச்சைப் பொட்டலத்தில் மக்காச்சோளப் பொரி ஒன்று இருக்கும். இயந்திரங்கள் அடம்பிடிக்காமல் இருக்க அது வேண்டும் என்பது அங்கே ஒரு நம்பிக்கை. பச்சைதான் வேண்டும், தேதி முடியக் கூடாது. எங்களில் யாரும் அதைக் கேலி செய்ததில்லை.

அந்த வருடம் வந்த மாடல் வீடியோ வெட்டித் தொகுக்கிறவர்களுக்கும் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்குமானது. மெல்லியது, விலை கூடியது. ப்ராசசர் சோதனையில் இருபதும் தேறின. கிராபிக்ஸ் சோதனையிலும் தேறின. இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது நான்கு லேப்டாப்புகளில் மட்டும், சரியாகப் பன்னிரண்டாவது நிமிடத்தை ஒட்டி, நொடிக்குத் தொண்ணூற்றெட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் எழுபத்தொன்றாக இறங்கியது. கோப்பைகள் தேனில் விழுவதுபோல விழுந்தன.

திட்ட மேலாளர் கூ எட்டிப் பார்த்தார். முப்பத்தாறு வயது, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பவர்.

"என்ன யுன் அக்கா, பொரிக்குத் தேதி முடிஞ்சிடுச்சா?"

"டிசம்பர் வரைக்கும் இருக்கு. சூடு ஏறுது. சிப்பு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்குது."

"விசிறியா?"

"விசிறி நல்லாத்தான் சுத்துது. திறந்து பார்க்கணும்."

திறந்தார். ப்ராசசர், கிராபிக்ஸ் இரண்டு சிப்புகளின் மேலும் ஒரே செம்புத் தகடு படுத்திருக்கும். சூட்டை உறிஞ்சி விசிறிப் பக்கம் கடத்துவது அதன் வேலை. ஏழு ஸ்க்ரூ அதை அழுத்திப் பிடிக்கும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறப் பசை மெல்லிசாகப் பரவியிருக்க வேண்டும். அந்த நான்கு லேப்டாப்புகளிலும் பசை ஒரு பக்கம் வழித்துவிட்டதுபோலவும் மறு பக்கம் தடித்தும் கிடந்தது. தகடு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது.

பசை கெட்டுப்போயிருக்கும் என்றுதான் யுன்மெய் முதலில் நினைத்தார். ஒரு நாள் முழுக்க அதில் போனது. நல்ல லேப்டாப்பிலும் அதே டப்பாப் பசைதான். பிறகு ஸ்க்ரூக்களின் வரிசை நினைவுக்கு வந்தது. தகட்டில் ஒன்று முதல் ஏழு வரை எண் பொறித்திருக்கும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்கினால்தான் தகடு சமமாக இறங்கும். ஒரு பக்கத்தை முழுதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கோணிக்கொள்ளும்.

ஒவ்வொரு லேப்டாப்பிலும் தகட்டைப் பூட்டியவரின் எண் ஒட்டியிருக்கும். நான்கிலும் ஒரே எண். ரோவெலின் என்ற பிலிப்பைன்ஸ் பெண்மணியுடையது.

யுன்மெய் மூன்றாவது மாடிக்கு இறங்கிப் போய், ஆட்கள் வரிசையாக நின்று லேப்டாப் பூட்டும் லைனுக்கு அருகில் நின்றார். தகடு பூட்டும் இடத்தில் மூன்று பேர். நடுவில் ரோவெலின், நாற்பத்தொரு வயது, இலோய்லோ ஊர்க்காரர், அந்த லைனிலேயே வேகமான கை. அது இடது கை. மின் ஸ்க்ரூடிரைவர் வலது பக்கத்திலிருந்து சுருள் வயரில் தொங்கியது. ரோவெலின் அதை இடது கைக்கு இழுத்துக்கொண்டதும் வயர் பலகையின் குறுக்கே விழுந்தது. மணிக்கட்டு எண்களில் முதல் இரண்டை மறைத்தது. அவர் வயருக்கு இந்தப் பக்கம் இருந்த ஸ்க்ரூக்களை முடித்துவிட்டு, வயரைத் தூக்கி, அந்தப் பக்கம் போவார். எல்லாத் தடவையும் அல்ல. சில தடவை.

யுன்மெய் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ரோவெலின் இரண்டு முறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். யுன்மெய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலமாரியில் ஓடும் லேப்டாப்பைப் பார்ப்பது போலவே பார்த்துவிட்டு மேலே வந்துவிட்டார்.

மறுநாள் காலை கூ வந்தார். கையில் வாடிக்கையாளர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைப் படிவம்.

"காரணம் கிடைச்சிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். 'தொழிலாளி வரிசையைப் பின்பற்றவில்லை, மாற்றப்பட்டார்'னு எழுதிடலாம். ஒரே வரி. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடலாம்."

"மாற்றப்பட்டாரா? யாரு மாத்துனா?"

"லைன் லீடர் ஃபான்தான். நேத்து நீங்க ஒரு மணி நேரம் நின்னு பார்த்தீங்கள்ல, அதைப் பார்த்துட்டு இன்னிக்குக் காலையிலேயே அவங்களைப் பெட்டி மடிக்கிற இடத்துக்கு அனுப்பிட்டாங்க."

யுன்மெய் கோப்பையில் இருந்த வெந்நீரைக் குடித்தார். பெட்டி மடிக்கும் இடத்தில் கூடுதல் நேர வேலை கிடையாது. அங்கே போனவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதும் அரிது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மீதி நாப்பதையும் மேல அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

"எதுக்கு? காரணம்தான் தெரிஞ்சுபோச்சே!"

"நாலு லேப்டாப்பு பார்த்திருக்கேன். நாலு பார்த்தா நாலுதான் தெரியும்."

"அக்கா, வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமைக்கு நான் கையெழுத்துப் போடல. நீங்க வேணா போட்டுக்குங்க."

அவர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் தாளே இல்லை என்பது கூவுக்கும் தெரியும். முனகிக்கொண்டே போனார்.

நாற்பதும் வந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தடவை, ஆறு ஆறாக. மூன்று நாள் அந்தக் கூடத்தில் கோப்பைகள் உருண்டுகொண்டே இருந்தன. மதியம் டப்பாச் சோற்றையும் யுன்மெய் அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பன்றித் தொடையைத் தொடாமல் ஊறுகாய் முள்ளங்கியை மட்டும் மென்றுகொண்டு. நான் ஒரு முறை கேட்டேன்: "அவங்க செஞ்சது இல்லைன்னு வரணும்னு பார்க்குறீங்களா?"

"அப்படி வராது. அவங்க கையைத்தான் நானே பார்த்தேனே." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஆனா நான் பார்த்தது அவங்க கையை மட்டும்தானே. மத்த ரெண்டு பேர் கையை எங்க பார்த்தேன்?"

மூன்றாம் நாள் பிற்பகல் கணக்கு முடிந்தது. மந்தமானவை மேலும் ஏழு. அதில் ஐந்து ரோவெலினுடையவை. இரண்டு, அவருக்கு இருபுறமும் நின்ற வலது கைக்காரர்களுடையவை, ஆளுக்கொன்று. திறந்து பார்த்தபோது அவற்றிலும் பசை அதேபோல ஒதுங்கிக் கிடந்தது. இரண்டுமே ஷிப்ட் முடியும் கடைசி அரை மணியில் பூட்டியவை.

கூ தாளைப் பார்த்து ஆறுதலாக மூச்சுவிட்டார். "ஒம்பதுக்கு ரெண்டு. பெரும்பாலும் அவங்கதானே அக்கா. நான் சொன்னது சரிதானே?"

"அந்த ஒம்பதை விடுங்க. அவங்களைத் தூக்கிட்டீங்கன்னு வச்சுக்குவோம். மத்த ரெண்டு பேரும் பூட்டுனது எத்தனை?"

"நாப்பது."

"நாப்பதுல ரெண்டு. லைன் முழுசா ஓடும்போது ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பண்ணப் போறீங்க."

கூ வாய்க்குள் கணக்குப் போட்டார். "நூறு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு நாளைக்கு நூறு. வாங்குனவன் பன்னெண்டு நிமிஷம் கழிச்சு நம்மளைத் திட்டுவான்."

"எங்க திட்டுவான்? என்ன காரணம்னே தெரியாம சும்மா இருப்பான். அதுதான் எனக்குப் பிடிக்கல."

அறிக்கையை யுன்மெய் தன் கையாலேயே எழுதினார். யார் பெயரும் எண்ணும் அதில் இல்லை. ஸ்க்ரூ வரிசையை ஆளின் நினைவை மட்டும் நம்பி விட முடியாது. எண்கள் எள்ளளவில் இருக்கின்றன, பூட்டும் கை அவற்றை மறைக்கிறது. பதினோரு லேப்டாப்புகள், மூன்று பேரிடமிருந்தும் வந்தவை என்று எழுதினார். தீர்வாக இரண்டு சொன்னார். ஸ்க்ரூடிரைவரை வலப்பக்கம் தொங்கவிடாமல் பூட்டுகிறவரின் தலைக்கு மேலே நடுவில் தொங்கவிட வேண்டும். தகட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து, அடுத்து முடுக்க வேண்டிய துளை மட்டும் தெரியும்படி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பூட்டுகிறவர் தப்பு செய்ய நினைத்தாலும் முடியாது. மூடியைச் செய்ய எட்டு நாள் ஆனது. கூ அந்த எட்டு நாளும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கம்பெனிக்குத் தாமதத்தை விளக்கி அவரே கடிதம் எழுதினார், பொய் இல்லாமல்.

யுன்மெய் ஃபானிடமும் போனார். ஃபான் இருபது வருட லைன் லீடர், இரும்புத் தொண்டை.

"ரோவெலினைத் திரும்பக் கூப்பிடு. ரெண்டாவது வெள்ளோட்டத்துல அவங்களும் இருபது பூட்டணும்."

"ஏன், வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. ஆனா அவங்க கைக்குச் சரியா வந்தாத்தான் எல்லார் கைக்கும் சரியா வரும். எனக்கு அந்தக் கை வேணும்."

ஃபான் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் கூப்பிட்டார்.

இரண்டாவது அறுபது வந்தது. இந்த முறை இருபதோடு நிற்காமல் அறுபதையும் மூன்று மூன்று தடவை ஓட்டினார். பன்னிரண்டாவது நிமிடம் வந்தது, போனது. முப்பதாவது நிமிடத்திலும் எல்லாத் திரையிலும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. யுன்மெய் கையெழுத்துப் போட்டுவிட்டு மேற்சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "சாப்பாட்டுக்குப் போலாம் வா" என்றார் என்னிடம்.

கேன்டீனில் ரோவெலின் தனியாக உட்கார்ந்திருந்தார். யுன்மெய் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய் எதிரில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"அறுபதும் தேறிடுச்சு" என்றார் யுன்மெய்.

"கேள்விப்பட்டேன்." ரோவெலின் தலையைத் தூக்கவில்லை. சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டி மடிக்கிற இடத்துல ரெண்டு வாரம் இருந்தீங்க."

"பதினாறு நாள். ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போன் பண்ணும்போது பையன்கிட்ட ஒண்ணும் சொல்லல. இங்க குளிர் காத்து, தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"அன்னிக்கு நான் வந்து நின்னதாலதான். உங்ககிட்டயே கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என் மேலதான்."

ரோவெலின் இப்போது நிமிர்ந்தார். "ஆமா, கேட்டிருக்கணும். ஏதோ மிஷினைப் பார்க்குற மாதிரி பார்த்தீங்க. எனக்குக் கையே ஓடல." கரண்டியைக் கீழே வைத்தார். "கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். வெள்ளோட்டத்தோட முதல் நாளே ஃபான்கிட்ட சொன்னேன், 'வயர் குறுக்க விழுது, நம்பர் தெரியல'ன்னு. 'பழகிடும் போ'ன்னுட்டாங்க."

யுன்மெய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான்கு லேப்டாப்பு, நாற்பது லேப்டாப்பு, மூன்று நாள், பசை டப்பா எல்லாம் சேர்ந்து தேடியதை ஒருவர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். யுன்மெய்யின் முகம் மெல்லச் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டார், தன்னைப் பார்த்தே.

"முதல் நாளே சொன்னீங்களா?"

"முதல் நாள், பத்து மணி இடைவேளையில."

"நான் அதுக்கு ஒரு மாசம் எடுத்துக்கிட்டேன்."

"நீங்க படிச்சவங்க, நேரம் ஆகத்தான் செய்யும்" என்றார் ரோவெலின். அதில் குத்தல் இருந்தது. ஆனால் அவர் வாயோரமும் லேசாக வளைந்திருந்தது. யுன்மெய் தன் தட்டில் இருந்த பன்றித் தொடைத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். ரோவெலின் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த மாடல் வசந்த காலத்தில் வந்தது. வெள்ளோட்டம் தொடங்கிய அன்று காலை யுன்மெய் ஐந்தாவது மாடிக்கு வரவில்லை. மூன்றாவது மாடியில் லைனின் முனையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். பத்து மணி இடைவேளை வந்ததும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்: "இதுல உங்களுக்கு எது இடிக்குது?" முதலில் எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். திரை பூட்டுகிற வியட்நாம் பெண் மட்டும் தயங்கித் தயங்கி, இந்த வயர் ஒரு விரல் நீளம் குறைச்சலா இருக்கு, இழுத்துப் பிடிச்சுத்தான் மாட்ட வேண்டியிருக்கு என்றாள். யுன்மெய் அதை எழுதிக்கொண்டு, இழுத்துக் காட்டச் சொன்னார்.