குடை மறைத்த நேரம்

என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாய்க் கிடந்த வருஷம், வைகாசிக் கருட சேவையன்று கட்டிலை வாசற்கதவுக்கு நேரே இழுத்துப் போட்டிருந்தேன். பெருமாள் வேகமாகப் போய்விடுவார், ஒரு கீற்றாவது கண்ணில் படட்டுமே என்றுதான். எங்கள் வாசலுக்கு வந்ததும், வாகனத்தின் முன்தண்டுக்குத் தோள் கொடுத்திருந்தவர் மூச்சு வாங்குவதுபோல் நின்றுவிட்டார். அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதானே. என் வீட்டுக்காரர் கண்ணாரச் சேவித்தார். மறுநாள் அப்படி நின்றவரிடம் நன்றி சொன்னபோது, வெயிலில் மூச்சு முட்டியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவர்தான் ஆதிகேசவன். ஓரிக்கையில் கத்திரித் தோட்டம். திருவிழா வந்தால் வரதராஜப் பெருமாளைச் சுமக்க வந்துவிடுவார். வலது தோளில் காளைக்கு இருப்பதுபோல் காய்ப்பு. கோயில் வாசலில் துளசிமாலை விற்கிற நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

சில வருஷம் கழித்து அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. வரப்பில் கொஞ்சம் நடந்தால் நிற்பார். உதடு நீலம் பாரித்துக் கிடக்கும். அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சென்னை டாக்டர்கள் முகாம் போட்டார்கள். அவர் மனைவி வடிவு துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். பரிசோதித்த டாக்டரம்மா ஸிந்துஜா, இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றார்.

நோயாளிக்குப் புரிய வைக்க ஒரு புதுக் கருவி கொண்டுவந்திருந்தார்கள். கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு இணைத்த கனத்த கண்ணாடி. தலையில் மாட்டினால் இதயத்துக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்குமாம். தலையைத் திருப்பினால் திருப்பிய பக்கமெல்லாம் தெரியுமாம்.

"மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டறாங்க" என்று வடிவு சிரித்தாள்.

அண்ணா சிரிக்கவில்லை. கை கூப்பிக்கொண்டார். உள்ளே ஒரே சிவப்பு, சந்து மாதிரி வழி, போகப் போக நெருக்குகிறது என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. மின்விசிறிகள் நின்றன, கம்ப்யூட்டரும் அணைந்தது. அவர் கூப்பிய கையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரியவரே, அடைப்பை நீக்கறது இனிமேதான் வரும். கரண்டு வரட்டும், காட்டறேன்."

"வேணாம்மா. பார்த்தாச்சு."

சாயங்காலம்வரை கரண்டு வரவில்லை. டாக்டரம்மா மீதியை வாயால் சொன்னார். அண்ணா தலையாட்டினார். ஆனால் வெள்ளிக்கிழமை சென்னைக்குக் கூட்டிப்போக வண்டி வந்தபோது அவர் ஏறவில்லை. வடிவு அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

நான் ஓரிக்கைக்குப் போனேன். கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டேன். கருட சேவையன்று, வர முடியாத பக்தர் ஒருவருக்காகக் கோபுர வாசலில் பெருமாளை ஒரு கணம் குடைகளால் மறைப்பார்களே, அதை நினைவுபடுத்தினார். குடை விலகும்வரை சுமப்பவன் அடி எடுத்து வைக்கக்கூடாது.

"எனக்கு உள்ள காட்டிக்கினே வந்தாரு. அப்பறம் மறைச்சுட்டாரு. நான் எப்டிம்மா நகருவேன்?"

"கரண்டு போச்சுணா, அவ்ளோதான்."

"அந்த நேரத்துல ஏன் போவணும்?"

நானும் அந்த வாசலில் கை கூப்பி நின்றவள்தானே. பெருமாள் டாக்டர் கையிலும் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். ஆமாம், இருக்கிறார், அவரே விலக்கட்டும் என்றார்.

வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியில் மூன்று இடத்தில் மார்பில் கை வைத்து நின்றார். ஒவ்வொரு தடவையும் முகத்தில் வலியைவிட ஒரு கவனம்தான் தெரிந்தது, எதற்கோ காத்திருப்பவர்போல. பஸ் வந்தது. நான் ஏறாமல் அவர் கையைப் பிடித்தேன், என்னோடு வந்துவிடுங்கள் என்று. மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"நீ ஏறிக்கம்மா. குடை விலகட்டும், நானே வரேன்."