இரண்டாவது பச்சலர்

இன்று வியாழன், மாலை 5.40. எங்கள் புறநகரான கிரவீனின் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர். பல்கலைக்கழகம் தந்த இரண்டு இடங்களில் நாளைக்குள் நான் ஒன்றை ஏற்க வேண்டும்: நர்சிங் பச்சலர், அதாவது இளநிலைப் பட்டம், மூன்று வருடம்; மாஸ்டர்ஸ், முதுநிலை, இரண்டு.

முன்னால் நின்ற, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த வாசுகி அன்ரியிடம், பச்சலர்தான் யோசிக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“இஞ்சினியரிங் முடிச்சிட்டுத் திரும்பப் பச்சலரோ தம்பி? பெயிலெண்டு சனம் நினைக்கும்.”

“எதைப் படிச்சாலும் ஒரே நர்ஸ்தான் அன்ரி. மூண்டு வருசமெண்டால் படிப்பு மெதுவாப் போகும், வேலையையும் விடத் தேவையில்லை.”

“என்ர தங்கச்சின்ர மகளும் நர்ஸ்தான்.”

“அவ பச்சலரோ, மாஸ்டர்ஸோ?”

அன்ரி யோசித்தார். “அதை ஆர் கேட்டது? நல்ல நர்ஸ்.”

எனக்கு அது போதும்.

இனி:

1. வீட்டுக்குப் போனதும் பச்சலரை ஏற்பது.
2. அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை கேட்பது.
3. ஞாயிறு தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிவிட்டுத்தான் அன்ரி போனார். அந்த நர்ஸும் வருவாராம். போகவா? நீங்களே சொல்லுங்கள்.