ஆராயி ஊதிவிட்ட மருந்து

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையொன்றில் ஆராயிக்கு இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் பிசிறைக் கத்தியால் சுரண்டுவாள். தூளை வாயால் ஊதிவிட்டு அடுத்ததை எடுப்பாள். அவளுக்கு முகமூடி தரவேண்டும் என்று முதலாளி ராஜ்மோகனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவளுடைய இருமல் மட்டும் சென்ற மாதம் அவர் காதில் விழுந்தது.

"சரக்கு வாங்க வர்றவங்க மூஞ்ச சுளிக்கறாங்க. வேலைக்கு ஆவும்னு ஒரு மாசத்துல டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா வூட்லயே இரு."

ஆராயி வழக்கமாகப் பார்க்கும் நெஞ்சு மருத்துவர், அவளுடைய இளைப்புக்கு மூன்று ஆண்டுகளில் மருந்தை மூச்சோடு இழுக்கும் மூன்று கருவிகள் எழுதிக் கொடுத்தவர். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நவீனமானதாம். மருந்து நேரே நுரையீரலின் கடைக்கோடிக்குப் போகுமாம். கேப்சூலை உள்ளே இட்டுத் திருகினால் தூள் வெளிப்படும். அதை மூச்சோடு இழுக்கவேண்டும். இதையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்தவரை அழைப்பார். குறையவில்லை என்றால் அளவைக் கூட்டுவார். அவள் அதை எப்படி இழுக்கிறாள் என்று பார்க்க, அவர் பெயருக்குப் பின்னால் இருந்த அத்தனை பட்டங்களுக்கும் நேரம் இருந்ததில்லை.

முதலாளி கெடு வைத்த அன்று மாலை ஆராயி கேப்சூல் வாங்கப் போனபோது, மருந்துக்கடை நஸீமா, "எப்படி இழுக்கறீங்க, காட்டுங்கக்கா" என்றாள்.

ஆராயி கருவியைத் திருகினாள். வாயருகே வெள்ளைத் தூள் தெரிந்ததும் ஊதிவிட்டாள். பிறகு ஆழ இழுத்தாள்.

"என்னக்கா, மருந்த ஊதிட்டு வெறுங்காத்த இழுக்கறீங்க?"

"தூசி ஒட்டியிருந்துச்சும்மா. ஊதாம எப்படி வாயில வெக்கறது?"

"மூணு வருசமா இப்படித்தானா?"

"தெனம் ரெண்டு வேளை. ஒருநாளும் தவறுனதில்ல."

"அப்ப உங்க வூட்டுச் செவுத்துக்கு எளப்பே வராது" என்ற நஸீமா, மூச்சை வெளியே விட்டபின் கருவியைக் கவ்வி வேகமாக இழுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. மருத்துவர் நெஞ்சைச் சோதித்துப் பெருமிதத்துடன், "பாத்தீங்களா, புதுக் கருவி வேலை செய்யுது" என்றார்.

"மூணுமே செஞ்சிருக்கும்ங்க சார். நாந்தான் ஊதிக்கிட்டிருந்தேன். மருந்துக்கடைப் பொண்ணு காட்டிக் குடுத்துச்சு."

அவர் சான்றிதழ்த் தாளை இழுத்தார். தூசியில்லாத இடத்தில் வேலை செய்யத் தகுதியுடையவர் என்று எழுதிக் கையொப்பமிட்டார். ராஜ்மோகன் கையொப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு அவளைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்.

ஆராயி முந்தானையால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சால் பொம்மையைத் துடைக்கலானாள்.

"ஊதுனா சீக்கிரம் முடியுமே" என்றார் ராஜ்மோகன்.

"ஊதுன வரைக்கும் போதும்ங்க" என்றாள், கையை நிறுத்தாமல்.